சாமிய எங்க வைக்கிறது, ஜூம் கால்லயா சம்பளப் பட்டியல்லயா?

போன மாசம் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டாரு. வேலைய விட்டுட்டாராம், சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கப் போறாராம், முழுக்க ரிமோட், ஆபீஸ்னு ஒண்ணே கிடையாது, ஆனா கடவுள முன்னாடி வச்சு நடத்தணும், வேலை பாக்குறவங்கள நல்லா பாத்துக்கணும், எப்படிப் பண்ணலாம் சொல்லுன்னு கேட்டாரு. ரெண்டு மணி நேரம் பேசினோம். போன வச்சப்புறம்தான் உறைச்சுது, மனுஷன் கேட்டது ஒரு கேள்வி இல்ல, அஞ்சாறு கேள்விய ஒரே மூட்டையா கட்டிக் கேட்டிருக்காரு. அத அவுத்து ஒவ்வொண்ணுலயும் என்ன என்ன வழி இருக்கு, நான் எத எடுப்பேன்னு எழுதி வச்சா அவருக்கும் ஆகும், இதே யோசனைல இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்னுதான் இது.

என்னோட நம்பிக்கை எதுன்னு இங்க சொல்லல. சொன்னா பாதிப் பேரு அதோட மூடிட்டுப் போயிடுவீங்க, மீதிப் பேரு நான் சொல்றது எல்லாத்துக்கும் தலையாட்டுவீங்க, ரெண்டும் வேணாம். 8 வருஷமா ஒரு சின்ன ரிமோட் டீம் நடத்துறேன், இப்ப 11 பேரு, நாலு நாட்டுல இருக்காங்க. அதுக்கு முன்னாடி பக்தியோட நடக்குற கம்பெனி ஒண்ணுல வேலையும் பாத்திருக்கேன். ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்தவன், அவ்வளவுதான் என் தகுதி.

முதல் கேள்வி, நம்பிக்கைய கம்பெனில எங்க வைக்கிறது. மூணு வழி. ஒண்ணு, வெளிப்படையா, ஒரே நம்பிக்கைக்காரங்கள வேலைக்கு எடுத்து, சேந்து ஜெபமோ தொழுகையோ பூஜையோ பண்ணி, நாம எல்லாம் ஒரே குடும்பம்னு நடத்துறது. ரெண்டு, இந்த கம்பெனி இந்த நம்பிக்கைல நடக்குதுன்னு எழுதி வச்சுட்டு, வேலை பாக்குறவங்க கிட்ட அத எதிர்பாக்காம இருக்குறது. மூணு, வாயே திறக்காம, முதலாளி மனசுல மட்டும் வச்சு அதுபடி நடந்துக்குறது.

முதல் வழிய கிண்டல் பண்ண மாட்டேன். ரிமோட்ல ஒருத்தர ஒருத்தர் நேர்ல பாத்துக்காம வருஷக்கணக்கா ஓட்டணும், அந்த நிலைமைல வாரத்துக்கு ஒரு தடவ சேந்து கண்ண மூடி உக்கார்றது நிஜமாவே ஒட்ட வைக்கும். யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், நம்பிக்கை சீக்கிரம் வரும். நான் வேலை பாத்த இடத்துலயும் முதல் ஆறு மாசம் எனக்கு அது பிடிச்சுதான் இருந்துச்சு. அப்புறம்தான் கவனிச்சேன். திங்கக்கிழமை காலைல பிரார்த்தனை கால், வர்றதும் வராததும் உங்க இஷ்டம்னு தெளிவா எழுதியே போட்டிருந்தாங்க. ஆனா அந்த ஜூம் கூட்டத்த நடத்துறது யாரு, அப்ரைசல் போடுற அதே மேனேஜர். ஆபீஸா இருந்தா போன் வந்த மாதிரி வெளிய நழுவிடலாம், யாரு இருந்தா யாரு இல்லன்னு யாரும் எண்ண மாட்டாங்க. ஜூம்ல அப்படி இல்ல, கட்டம் கட்டமா முகம் தெரியுது, வராதவன் பேரு பட்டியல்ல இல்லன்னு ஒரு பார்வைல தெரிஞ்சுடும். வேற நம்பிக்கைல இருந்த ஒரு பொண்ணு வாரா வாரம் மைக்க ஆஃப் பண்ணி கேமராவ ஆன்ல வச்சு உக்காந்திருக்கும், கேமராவ அணைச்சா அதுவும் பதிவாகும்னு அதுக்குத் தெரியும். ரிமோட்ல "இஷ்டம் இருந்தா வா"ங்கிறது ஆபீஸ விட கஷ்டமான விஷயம், நிறைய பேரு இத யோசிக்கிறதே இல்ல.

சட்டமும் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல 1964 சிவில் உரிமைச் சட்டப்படி 15 பேரு, அதுக்கு மேல இருக்குற கம்பெனி மதத்த வச்சு ஆள் எடுக்கவோ ஒதுக்கவோ கூடாது, மத நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு, லாபத்துக்கு சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனி முதலாளி பக்தியா இருக்காருங்கிறதுக்காக மத நிறுவனம் ஆகிடாது. டவுன்லின்னு சுரங்கத்துக்கு இயந்திர சாமான் செய்யுற கம்பெனி ஒண்ணு, வாராந்திர ஆராதனைக்கு எல்லாரும் வந்தே ஆகணும்னு வச்சிருந்தாங்க. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு தொழிலாளி எனக்கு வேணாம்னாரு. அதுக்கு அவங்க சொன்ன பதில், வந்து உக்காந்து தூங்கு, இல்ல பேப்பர் படி, ஆனா வா. கேஸ் மேல் கோர்ட் வரைக்கும் போயி 1988-ல கம்பெனி தோத்துச்சு. அந்த பதில யோசிச்சுப் பாருங்க, தூங்கினாலும் பரவால்ல உடம்பு இங்க இருக்கணும்னு சொல்ற ஆராதனை யாருக்காக நடக்குது? ரிமோட் கம்பெனிக்கு இதுல இன்னொரு சிக்கல், ஒவ்வொரு ஆளும் அவங்க நாட்டு சட்டத்தையும் கூட்டிக்கிட்டுதான் உள்ள வர்றாங்க, நீங்க எங்க பதிவு பண்ணியிருக்கீங்கங்கிறது மட்டும் போதாது.

மூணாவது வழி, சும்மா இருந்து செஞ்சு காட்டுறது. கேக்க ரொம்ப உயர்வா இருக்கும், நானும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். அதுல ஒரு ஓட்டை இருக்கு. சொல்லாத வாக்குக்கு யாரு கணக்கு கேப்பா? நல்ல மாசத்துல தாராளமா இருந்துட்டு கெட்ட மாசத்துல சத்தமில்லாம சுருங்கிக்கலாம், யாருக்கும் தெரியாது. எனக்கே ஒரு தடவ நடந்துச்சு, வருஷா வருஷம் குடுக்குற ஒரு வார கூடுதல் லீவ அந்த வருஷம் குடுக்கல, ஒருத்தரும் கேக்கல, ஏன்னா அது விதின்னு யாருக்கும் தெரியாது, நான் ஏதோ ஆசப்பட்டு குடுத்துட்டிருந்தேன்னு நெனச்சிருக்காங்க.

அதனால இப்ப நான் ரெண்டாவது வழி. ஆனா அதுலயும் என்ன எழுதுறோங்கிறதுதான் விஷயம். வேலை பாக்குறவங்க எப்படி இருக்கணும்னு எழுதாதீங்க, இந்த நம்பிக்கைனால முதலாளியா நான் என்ன என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கேன்னு மட்டும் எழுதுங்க. அமெரிக்காவுல சிக்-ஃபில்-ஏன்னு சிக்கன் விக்கிற கடைங்க ஞாயித்துக்கிழமை திறக்கிறதில்ல, அத ஆரம்பிச்சவரு 1946-ல தன்னோட முதல் ஓட்டல் திறந்ததுலேர்ந்தே அப்படித்தான். நியூயார்க்ல பி அண்ட் ஹெச்னு பெரிய கேமரா கடை, முதலாளிங்க யூதர்கள், வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி சாயங்காலம் வரைக்கும் கடை மட்டும் இல்ல, வெப்சைட்லயே ஆர்டர் எடுக்க மாட்டாங்க. கம்ப்யூட்டருக்கு ஓய்வு நாள் எதுக்குன்னு கேக்கலாம், எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. இந்த ரெண்டுலயும் பாருங்க, நம்பிக்கைனால வர்ற நஷ்டம் முதலாளி பையிலேர்ந்து போகுது, வேலை பாக்குறவன் எந்த சாமியக் கும்பிட்டாலும் கும்பிடாட்டாலும் அவனுக்குக் கிடைக்கிறது ஒரு நாள் ஓய்வு. அப்படியே திருப்பி அந்த திங்கக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தப் பாருங்க, அதுல செலவாகுறது அந்தப் பொண்ணோட நிம்மதி. கீழ வர்ற எல்லாத்தையும் நான் இந்த ஒரு கேள்விய வச்சுத்தான் பாக்குறேன், உன் நம்பிக்கைக்கு செலவு பண்றது யாரு.

நடுவுல ஒண்ணு சொல்லிடுறேன். மனசு கஷ்டத்துல இருக்குறவங்களுக்கு ஒரு ஆள் வேணும்ல, அதுக்கும் வழிங்க இருக்கு. டைசன் மாதிரி பெரிய இறைச்சி கம்பெனில 2000-லேர்ந்து சாப்ளின்னு சொல்ற ஆன்மிக ஆலோசகர்கள சம்பளத்துக்கே வச்சிருக்காங்க. ரிமோட்ல அப்படி ஒருத்தர போன்ல கிடைக்கிற மாதிரி வைக்கலாம், இல்ல மதம் கலக்காத கவுன்சிலர வைக்கலாம், இல்ல ரெண்டுத்துக்கும் காச ஒதுக்கி நீயே தேர்ந்தெடுத்துக்கோன்னு விடலாம். நான் கடைசி வழி. எதுவா இருந்தாலும் யாரு பேசினா என்ன பேசினாங்கிறது கம்பெனிக்கு வரக் கூடாது, பில்லுல எண்ணிக்கை மட்டும் வந்தாப் போதும். ஸ்லாக்னு ஆபீஸ் சாட் ஆப் இருக்குல்ல, அதுல "பிரார்த்தனை வேண்டுதல்"னு சேனல் திறக்கிறத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பழைய கம்பெனில ஒருத்தரு தன் மனைவியோட நோயப் பத்தி அதுல எழுதினாரு, எல்லாரும் கை கூப்புற எமோஜி போட்டாங்க, ஆறு மாசம் கழிச்சு ஒரு பெரிய புராஜெக்ட்ட அவருக்குக் குடுக்கலாமான்னு பேச்சு வந்தப்ப "அவருக்கு வீட்ல பிரச்சன இருக்கே"ன்னு ஒருத்தர் சொன்னாரு. கெட்ட எண்ணத்துல சொல்லல. அதான் இன்னும் மோசம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பெரிய கேள்வி, ஆளுங்கள எந்த பேப்பர்ல எடுக்குறது. ரிமோட்ல மூணு வழிதான். கான்ட்ராக்டரா எடுக்கலாம், ரெண்டு பக்க ஒப்பந்தம், மாசா மாசம் இன்வாய்ஸ், நாளைக்கே ஆரம்பிக்கலாம், செலவு கம்மி. இல்ல எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டுன்னு சொல்ற கம்பெனிங்க மூலமா எடுக்கலாம், அந்த ஆளு இருக்குற நாட்டுல அவங்க பேர்ல சட்டப்படி வேலைக்கு வச்சு, வரி, லீவு, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க, தலைக்கு இவ்வளவுன்னு மாசம் ஒரு கட்டணம். இல்ல அந்த நாட்டுல நீங்களே கம்பெனி பதிவு பண்ணலாம், ஒரே நாட்டுல ஏழெட்டு பேருக்கு மேல ஆனா கணக்குப் போட்டுப் பாக்கலாம், ஒருத்தருக்காகப் பண்ணினா ஆடிட்டருக்குக் குடுத்தே தீந்துடும்.

பக்தி கம்பெனி முக்காவாசி எங்க வழுக்கி விழுதுன்னா இங்கதான். வாயில குடும்பம், பேப்பர்ல கான்ட்ராக்டர். கான்ட்ராக்டருக்கு உடம்பு சரியில்லாத லீவு கிடையாது, பிரசவ லீவு கிடையாது, நோட்டீஸ் பீரியட் பேருக்கு ஒரு வாரம், பேங்க்ல லோன் கேட்டா சம்பள ஸ்லிப் கிடையாது. குடும்பத்துல யாரு யார இப்படி வச்சிருப்பா? சட்டத்துலயும் இது பாதுகாப்பு இல்ல, ஒரே முதலாளி, அவரு சொல்ற நேரம், அவரு குடுத்த லேப்டாப், வருஷக்கணக்கா வேலைன்னா மேல கான்ட்ராக்டர்னு என்னதான் எழுதினாலும் பல நாட்டுல இவர் தொழிலாளிதான்னு சொல்லிடுவாங்க, பின்தேதியிட்டு வரியும் கட்டணும்.

நானும் அப்படி வச்சிருந்தவன்தான், யோக்கியன் மாதிரி பேசல. மூணு வருஷமா கான்ட்ராக்டரா இருந்த ஒருத்தருக்கு வண்டில போறப்ப அடிபட்டு ரெண்டு மாசம் வேலை செய்ய முடியல. நான் ரெண்டு மாசமும் முழு சம்பளம் குடுத்தேன், உள்ளுக்குள்ள எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்னுதான் சொல்லணும். அவரு திரும்பி வந்த முதல் கால்ல மூணு தடவ நன்றி சொன்னாரு, அப்புறம் மெசேஜ்ல ஒரு தடவ, அவங்க அம்மாவும் எனக்கு மெசேஜ் அனுப்பினாங்க. அப்பதான் எனக்கு கூச்சமா போச்சு. சிக் லீவு இருக்குறவன் யாருக்கும் நன்றி சொல்ல மாட்டான். கைநீட்டி வாங்க வேண்டிய இடத்துல அவர வச்சதே நான்தான். அந்த வருஷமே ஆறு பேர எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டுக்கு மாத்தினோம், லாபம் நல்லாவே குறைஞ்சுது, ரெண்டு பேரு மட்டும் வேணாம், எனக்கு வேற கிளையன்ட்டும் இருக்காங்க, கான்ட்ராக்டராவே இருக்கேன்னு சொன்னாங்க, அவங்க அப்படியே இருக்காங்க. கேட்டுட்டு விடுறது வேற, கேக்காம வச்சிருக்கிறது வேற.

சம்பளத் தேதி. கூலிக்காரனோட கூலிய சூரியன் சாயுறதுக்குள்ள குடுத்துடுன்னு பைபிள்ல உபாகமத்துல இருக்கு, வேர்வை காயறதுக்குள்ள குடுத்துடுன்னு நபிமொழி இருக்கு. இத ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சுட்டு இன்வாய்ஸ் வந்து 45 நாள் கழிச்சு காசு அனுப்புற கம்பெனி எனக்கே தெரியும். நாடு விட்டு நாடு பணம் போக ரெண்டு மூணு வேலை நாள் ஆகும், நடுவுல லீவு வந்தா இன்னும் இழுக்கும், அதனால அனுப்புற தேதிய வச்சு பேசாதீங்க, அவங்க அக்கவுன்ட்ல விழுற தேதிய வச்சு பேசுங்க. பேங்க் கமிஷனும் உங்க கணக்குலதான்.

எவ்வளவு சம்பளங்கிறதுல நல்லவங்களுக்குள்ளயே சண்ட இருக்கு. கிட்லேப் மாதிரி சாஃப்ட்வேர் கம்பெனில ஆளு இருக்குற ஊர வச்சு சம்பளம் மாறும். 37சிக்னல்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனில எங்க இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட்ட வச்சே எல்லாருக்கும் சம்பளம். பஃபர்னு ஒரு கம்பெனி 2013-லேர்ந்து யாருக்கு எவ்வளவுன்னு ஊருக்கே தெரியுற மாதிரி போட்டுட்டாங்க. எல்லாரும் கடவுள் முன்னாடி சமம்னு சொல்றவன் ஊர வச்சு சம்பளத்த எப்படிக் குறைப்பான்னு நண்பர் கேட்டாரு, நியாயம்தான். ஆனா சின்ன கம்பெனி எல்லாருக்கும் காஸ்ட்லி ஊரு ரேட்ல குடுத்தா 11 பேரு இருக்குற இடத்துல 6 பேருதான் இருக்க முடியும். நான் எடுத்த வழி, ஒரே வேலைக்கு ஒரே ரேட், ஆனா அந்த ரேட் உச்சத்துல இல்லாம நடுவுல. அதனால காஸ்ட்லியான ஊர்ல இருக்குற நல்ல ஆளுங்க ரெண்டு மூணு பேர இழந்திருக்கேன், அது உண்மை. மேல இருக்குறவனுக்கும் கீழ இருக்குறவனுக்கும் எத்தன மடங்கு வித்தியாசங்கிறதையும் எழுதி வைக்கலாம். ஸ்பெயின்ல மோன்ட்ராகன் கூட்டுறவு நிறுவனங்கள்ல அது சுமார் 6 மடங்குக்குள்ள இருக்கு, அது ஒரு பாதிரியார் ஆரம்பிச்ச டெக்னிக்கல் ஸ்கூல்லேர்ந்து வளந்தது, முதல் கூட்டுறவு 1956-ல.

கண்காணிப்பு பத்தி ரெண்டே வரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஸ்கிரீன்ஷாட் எடுக்குற சாஃப்ட்வேரா, முடிச்ச வேலைய வச்சு பாக்குறதான்னா ரெண்டாவதுதான். எல்லாத்தையும் மேல ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்னு நம்புறவனுக்கு ஸ்கிரீன்ஷாட் எதுக்குய்யா?

லீவு விஷயம் பாக்க சின்னது, உள்ள போனா பெருசு. கம்பெனி ஒரே லீவு பட்டியல் போடலாம், இல்ல ஆளுக்கு இத்தன நாள்னு குடுத்து எந்தப் பண்டிகைக்கு வேணும்னாலும் எடுத்துக்கோன்னு விடலாம். பட்டியல் போட்டா கணக்கு சுலபம், ஆனா உங்க பண்டிகை மட்டும் பண்டிகையா ஆகிடும். ரமலான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி வரும், பல இடத்துல பிறை பாத்துத்தான் பெருநாள் எந்த நாள்னு முடிவாகும், ரெண்டு வாரம் முன்னாடியே லீவு அப்ளை பண்ணுன்னு விதி வச்சா அந்த ஆள் என்ன பண்ணுவான். வார லீவுகூட ஒண்ணு இல்ல, இஸ்ரேல்ல வெள்ளி சனி, எமிரேட்ஸ்ல 2022-லேர்ந்துதான் சனி ஞாயிறு ஆச்சு, வெள்ளி அரை நாள். வாரத்துல ஒரு நாள் கம்பெனியே மூடணும்னு நண்பருக்கு ஆசை. நல்ல ஆசைதான், ஆனா ஆபீஸ் இல்லாத கம்பெனிக்கு எந்த ஊரு சூரியன் மறையுறத வச்சு மூடுவீங்கன்னு கேட்டேன், அவரும் சிரிச்சாரு. கடைசில வந்து நின்னது இதுதான், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஒரு நாள சொல்லிடணும், அந்த நாள்ல முதலாளி உள்பட யாரும் அவங்களுக்கு மெசேஜ் அனுப்பக் கூடாது, அனுப்பினாலும் மறுநாள்தான் போய்ச் சேரும்படி செட் பண்ணிடணும்.

தர்மம் பத்தி ஒரு எச்சரிக்கை. பத்துல ஒரு பங்கு தர்மத்துக்குன்னு நிறைய பேரு வேண்டிக்கிறாங்க. வரவுல பத்துல ஒண்ணா, லாபத்துல பத்துல ஒண்ணான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. சம்பளம், சாஃப்ட்வேர், வரி எல்லாம் போக 8 சதவீதம் நிக்கிற தொழில்ல வரவுல 10 சதவீதம் குடுத்தீங்கன்னா நீங்க குடுக்குறது உங்க காசு இல்ல, உங்க ஆளுங்களோட சம்பளம். என் வரிசை, முதல்ல நாலு மாச சம்பளம் பேங்க்ல தனியா நிக்கணும், அதுக்கப்புறம் லாபத்துலேர்ந்து தர்மம். இது பக்தி குறைவுன்னு என்கிட்டயே ஒருத்தர் சொன்னாரு. பெரிய கிளையன்ட் ஒருத்தர் போனப்ப அந்த நாலு மாசக் காசுதான் ஒருத்தரையும் அனுப்பாம காப்பாத்துச்சு, அதனால அவரு சொன்னத நான் மனசுல வச்சுக்கல.

கடைசியா, கம்பெனி யாரு பேர்ல இருக்கணும்ங்கிறது. ஆரம்பிக்கிறப்ப யாரும் இத யோசிக்கிறதில்ல, நண்பரும் இத கேக்கவே இல்ல, நான்தான் இழுத்தேன். சர்வீஸ்மாஸ்டர்னு அமெரிக்க கம்பெனி, 1929-ல ஆரம்பிச்சது, நாங்க செய்யுற எல்லாத்துலயும் கடவுள கனம் பண்றதுங்கிறதுதான் அவங்க எழுதி வச்ச முதல் நோக்கமே. 2007-ல பிரைவேட் ஈக்விட்டி கம்பெனி ஒண்ணு, அதாவது கம்பெனிங்கள வாங்கி லாபத்துக்கு விக்கிற முதலீட்டு நிறுவனம், அத வாங்கிடுச்சு. சுவத்துல எழுதினது பங்குப் பத்திரத்துல இல்லன்னா இப்படித்தான் ஆகும். கேட்பரி இன்னும் சுவாரசியம். குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவச் சேந்த குடும்பம், 1879-ல தொழிற்சாலைய இங்கிலாந்துல போர்ன்வில்ங்கிற இடத்துக்கு மாத்தி, அப்புறம் பக்கத்துலயே நல்ல வீடு, தோட்டம்னு ஒரு ஊரையே கட்டினாங்க. அந்த ஊர ஜார்ஜ் கேட்பரி 1900-ல தனியா ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வச்சாரு. 2010-ல கம்பெனிய கிராஃப்ட்ங்கிற அமெரிக்க உணவு கம்பெனி வாங்கிடுச்சு, அறக்கட்டளை இன்னைக்கும் நடக்குது. அதே குவேக்கர்கள்ல எர்னஸ்ட் பேடர்னு ஒருத்தர், தன்னோட ஸ்காட் பேடர் கெமிக்கல் கம்பெனில 90 சதவீத பங்க 1951-லயும் மிச்சத்த 1963-லயும் தொழிலாளிங்களுக்கான ஒரு பொது அமைப்புக்கே குடுத்துட்டாரு.

ஆக நாலு வழி, குடும்பத்துலயே வச்சுக்கிறது, நல்ல விலை வந்தா விக்கிறது, அறக்கட்டளை, கூட்டுறவு. குடும்பத்துல வச்சா உங்க புள்ளைக்கும் அதே மனசு இருக்கணும்னு வேண்டிக்கணும். வித்தா நீங்க எழுதின கடமை எல்லாம் வாங்குறவன் இஷ்டம். அறக்கட்டளை உறுதி, ஆனா முதலீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க, சட்டச் செலவும் அதிகம். கூட்டுறவுன்னா முடிவெடுக்க நேரம் பிடிக்கும், நஷ்டத்துலேர்ந்தும் அது காப்பாத்தாது, மோன்ட்ராகன்லயே ஃபாகோர்னு வீட்டு சாமான் செய்யுற பெரிய பிரிவு 2013-ல திவாலாச்சு. ஆனா அதுல வேலை பாத்த பல பேர மத்த கூட்டுறவுகள் எடுத்துக்கிட்டாங்க, அந்த ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது.

நண்பருக்கு நான் சொன்னது, முதல் அஞ்சு பேரு வரைக்கும் உங்க பேர்லயே வச்சுக்கோங்க, கடமைய எழுதி எல்லாருக்கும் ஒரு காப்பி குடுங்க, பத்து பேரு தாண்டினதும் கொஞ்சம் கொஞ்சமா பங்க அறக்கட்டளைக்கோ அவங்களுக்கோ மாத்துங்கன்னு. உடனே அவரு, "உன்கிட்ட 11 பேரு இருக்காங்கள்ல, நீ மாத்திட்டியா?"ன்னு கேட்டாரு. வக்கீல் தயார் பண்ணிக் குடுத்த டிராஃப்ட் மார்ச்லேர்ந்து என் மெயில்ல இருக்கு. 26 பக்கம். இன்னும் கையெழுத்துப் போடல.